அதிகாரமில்லாத ஆசனம்

1917-இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார். ஆசனம் உயர்ந்தது, அதிகாரமோ சுருங்கியது! சென்னை மாகாண முதல்வராக 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தவர் அவர். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியும் விதித்தார். டில்லி மாளிகையிலோ அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஒப்பமிடுவதே அவர் பணி.

அலங்காரப் பதவி வீண்தானே என்பர் சிலர். அடியேன் அவ்வாறு எண்ணவில்லை. 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கிறதே, நாம் என் செய்வோம் என்று கைவிரிக்கும் குடும்பத் தலைவர்கள், கரீபியன் தீவு நாடான டிரினிடாட் டொபாகோவைப் பார்க்கட்டும். அங்கே 1987 முதல் 1997 வரை ஜனாதிபதியாக வீற்றிருந்தவர் முன்னாள் நீதிபதி நூர் ஹஸனலி. ஆட்சி பிரதமரிடம். மாளிகை விருந்து மேசை மட்டும் ஜனாதிபதியின் அமானிதம். அதில் அவர் மது பரிமாறவில்லை.