பெயர் பொருளாகுமா?

பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது, அவ்விரிவின் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. தொலைதூர சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த இரண்டு குழுக்கள் 1998-இல் இதைக் கண்டறிந்தன. அதற்காக 2011-இல் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். இவ்விரைவுக்குக் காரணம் என்னவென்று கேட்டால் 'இருண்ட ஆற்றல்' என்று விடை வருகிறது. பிரபஞ்சத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அதுதானாம். அது யாது என்று மேலும் கேட்டால், விரிவை விரைவுபடுத்துவது என்கிறார்கள். சொல் கிடைத்துவிட்டது, பொருள் கிடைக்கவில்லை.

இந்நிலையில், ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியையே திருத்திப் பார்க்கலாமே என்போரை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வானியல் வரலாறு இரு பக்கமும் சான்று சொல்கிறது. யுரேனஸின் பாதை பிசகியபோது, காணாத கோள் ஒன்றின் இழுப்பே காரணம் என்று கணித்தார் லெவெரியே. 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதனின் பாதை பிசகியபோதும் அவர் அதே வழியில் சென்றார். அக்கோளுக்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று, கோள்தான் அகப்படவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியை மாற்றியெழுதிய பிறகே புதனின் கணக்கு நேரானது. இருண்ட ஆற்றல் நெப்டியூனா, வல்கனா?

அதற்காகத் திருத்தம் சொல்வோர் அனைவரையும் அடுத்த ஐன்ஸ்டைன்களாகக் கொண்டாடுவதும் தகாது. சூரியக் குடும்பத்திற்குள் இன்றைய விதி மிகத் துல்லியமாகப் பொருந்துகிறது. ஆகவே திருத்தம் இங்கே மறைந்திருந்து, அண்டப் பெருவெளியில் மட்டும் வெளிப்பட வேண்டும். இதற்கெனவே 'பச்சோந்தி' என்றொரு வழிமுறையை வகுத்தார்கள். 2017 ஆகஸ்ட் 17 அன்று இன்னொரு சோதனை வந்தது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் பிறந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும், ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்து, 1.7 நொடி இடைவெளியில் பூமியை அடைந்தன. இரண்டின் வேகமும் வேறுபடும் என்ற கொள்கைகள் பல அத்துடன் மடிந்தன.

அம்மடிவை நான் இழிவாகக் கருதவில்லை. எது நிகழ்ந்தால் தான் பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்லும் துணிவுதான் அறிவியலின் அறம். இருண்ட ஆற்றலும் அச்சோதனைக்கு உட்பட்டதே. அரிசோனாவில் நடைபெறும் டெசி ஆய்வு 2024-இலும் 2025-இலும் வெளியிட்ட முடிவுகள், அவ்வாற்றல் காலப்போக்கில் குன்றி வரலாம் என்று குறிப்புக் காட்டுகின்றன. இன்னும் உறுதியாகவில்லை, உறுதியானால், காலத்தால் மாறாத ஆற்றல் என்ற எளிய விளக்கம் நிலைக்காது. எனவே நம் பாடநூல்களும் இதழ்களும் 'இருண்ட ஆற்றல்' என்பதை முடிந்த முடிபாக எழுதாமல், வினாவின் பெயராக எழுதுவதே நேர்மை.