வியர்வைக்கு வேஸலின்!

தோலில் வேஸலின் பட்டால் என்ன ஆகும்? ஆம்பூர் டேனரியில் வேலை பார்க்கிற யாரையாவது கேளுங்கள். 'பளபளப்பு ஏறும் சார்' என்பார். கமிட்டியெல்லாம் தேவையே இல்லை!

1977 ஜனவரி. சேப்பாக்கம் டெஸ்ட். வியர்வை கண்ணில் இறங்காமலிருக்க என்று சொல்லி, இங்கிலாந்தின் ஜான் லீவர் புருவத்துக்கு மேல் வேஸலின் தடவிய துணிப்பட்டையை ஒட்டிக்கொண்டு பந்து வீசினார். நம்ம கேப்டன் பேடி கொதித்தார். 'தோற்றவன் புலம்பல்' என்றார்கள். லீவர் மேல் தப்பில்லை என்றது கிரிக்கெட் வாரியம். எந்த வாரியம்? இங்கிலாந்து வாரியம்தான்!

'டெல்லியில் ஏற்கெனவே 10 விக்கெட் எடுத்தவருக்கு இது எதுக்குய்யா?' என்று கேட்கிறார்கள். 2015-ல் அமெரிக்க ஃபுட்பாலிலும் இதே கதை. காற்று குறைந்த பந்து விவகாரத்தில் டாம் பிரேடிக்கு 4 ஆட்டத் தடை. ஆனால், இடைவேளையில் சரியாகக் காற்றடித்துக் கொடுத்த பிறகுதான் அவர் அணி 28-0 என்று வெளுத்தது. 'ஆக, பலனே இல்லையே!'

நான் பி.காம். ஐயா. கல்லாவில் நூறு ரூபாய் எடுத்த கேஷியரை, 'கடை லாபத்தில்தானே ஓடுது' என்று எந்த ஆடிட்டர் விடுவார்?

சரி, லீவர் மனசு சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். வியர்வை துடைக்க ஒரு துண்டு கிடைக்காத ஊரா நம்ம மெட்ராஸ்?