மாத்திரைக்கு மனைவியை அனுப்பாதீர்கள்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியராக வேலை பார்க்கிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, மாதா மாதம் மாத்திரை கொடுப்பது என் பணி. எங்கள் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் நீட்டும் நோட்டுகளில் பல கணவனுடையவை, அப்பாவுடையவை, அண்ணனுடையவை. “அவரு லைனுக்குப் போயிருக்காருங்க சிஸ்டர், மாத்திரைய மட்டும் குடுத்துருங்க” என்பார்கள். மாத்திரை போய்ச் சேர்ந்துவிடும். அதை விழுங்குகிறவருக்கு இப்போது அழுத்தம் எவ்வளவு, கால் மரத்துப்போகிறதா, ராத்திரி தூங்குகிறாரா என்பது எனக்குத் தெரியாது. பல நேரம் அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

எங்கள் வட்டாரம் ரிக் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் பேர்போனது. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போகிறவர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இரவும் பகலும் மாறிமாறி வேலை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நான். ஆண்களுக்கு உடம்பின் மேல் அக்கறையே இல்லை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வராது.

பெண்ணுக்கும் மருத்துவமனைக்கும் தொடர்பு விட்டுப்போவதில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்த நாள் முதல் ஒவ்வொரு முறையும் எடை, அழுத்தம், ரத்த அளவு பார்க்கிறோம். பிரசவத்துக்குப் பிறகு பிள்ளையின் தடுப்பூசிக்காக வருகிறார். ஆண் பிள்ளைக்கோ 16 வயதில் போடும் ஊசியோடு எங்கள் தொடர்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பலரை நாங்கள் பார்ப்பது நாற்பது வயதுக்கு மேல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும்போதுதான். இடைப்பட்ட இருபத்தைந்து வருடங்களில் அவருக்கும் மருத்துவமனைக்கும் இருக்கும் ஒரே பாலம் வீட்டுப் பெண். அம்மா இருக்கும்வரை அம்மா, பிறகு மனைவி. அந்தப் பெண் படுத்துவிட்டாலோ தாய்வீடு போய்விட்டாலோ அவருடைய மாத்திரையும் நின்றுவிடுகிறது.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம். வீட்டு வாசலிலேயே அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தன்னார்வலர் பெண்கள் வெயிலில் நடந்து நடந்து செய்கிற வேலை அது. ஆனால் அவர்கள் பகலில் கதவைத் தட்டும்போது வீட்டு ஆண் தறிக்கூடத்திலோ லாரியிலோ இருக்கிறார். ஆலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024-இல் வந்தது. நான்கு தறி ஓடும் கூடத்துக்கும் மாநிலம் மாநிலமாகப் போகிற ரிக் வண்டிக்கும் அது எப்படி வந்து சேரும்?

ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் நூற்றுக்கு 30 பேருக்கு உயர் ரத்த அழுத்தம். பெண்களில் 25 பேருக்கு. நோய் ஆண்களிடம் கூடுதல், வரிசையில் அவர்கள் குறைவு. “தல சுத்துல, மயக்கம் வருல, எனக்கெதுக்குங்க மாத்திர?” என்று கேட்காதவர் இல்லை. அழுத்தம் 140-க்கு 90-ஐத் தாண்டி வருடக்கணக்கில் இருந்தாலும் உடம்பு ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் சிறுநீரகமும் இதயமும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயும் கெட்டுக்கொண்டே இருக்கும். இன்னும் சிலர், “நார்மல் ஆயிருச்சு, நிறுத்திட்டேன்” என்பார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தான், அண்ணா. நிறுத்தினால் திரும்ப ஏறும்.

நெஞ்சு வலியை வாயு என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுக்கிற பழக்கம் எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தி வைத்திருக்கிறது தெரியுமா? 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கு முதல் மருந்து தயாராக இருக்கிறது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாட்டின் என்று மூன்று வகையில் மொத்தம் 14 மாத்திரைகள். உடனே கொடுத்து, 108-இல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவோம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் காப்பாற்ற வழி உண்டு. விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறவருக்காக அந்த மருந்து காத்திருந்து பயனில்லை.

ஆண்கள் சொல்லக் கூசுகிற ஒன்றை நான் வெளிப்படையாகவே எழுதுகிறேன். தாம்பத்தியத்தில் ஏற்படும் தளர்ச்சி பலருக்குச் சர்க்கரையின் அறிகுறி. ரத்தக் குழாய் அடைத்துவருவதன் அறிகுறியாகவும் இருக்கலாம், பின்னால் வரப்போகிற மாரடைப்புக்கு முன்னெச்சரிக்கை போல. அதை எங்களிடம் சொல்லாமல், பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம் பார்த்து, லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருப்பவரிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். பணமும் போகிறது, நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய காலமும் போகிறது. அரசு மருத்துவமனையில் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவருக்கு இது தினமும் கேட்கிற செய்தி. அதேபோல, ஹான்ஸ் புகையிலை வைக்கிறவர்கள் வாயில் வெள்ளைப் படலமோ இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்டுங்கள். வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடித்தால் குணப்படுத்த முடியும்.

உடம்பையாவது கடைசியில் காட்டுகிறார்கள். மனதைக் காட்டுவதே இல்லை. “மனசு சரியில்லைங்க” என்று என்னிடம் வந்து சொன்ன ஆண்கள் மிகவும் குறைவு. “தூக்கம் வரமாட்டேங்குது”, “நெஞ்சு படபடங்குது”, “வயிறு எரியுது”, “கை கால் அசதி” என்றுதான் வருவார்கள். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். உட்கார வைத்துப் பேசினால் வண்டிக்கு வாங்கிய கடனும், கட்ட முடியாத தவணையும், கல்யாண வயதில் நிற்கிற மகளும் ஒவ்வொன்றாக வெளியே வரும். மனச்சோர்வு ஆண்களிடம் கோபமாக, குடியாக, வீட்டில் யாரோடும் பேசாத மௌனமாகத் தெரிகிறது. சுற்றியிருப்பவர்கள் அதைக் குணக்கேடு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆண்கள். தொழில்வாரியாகப் பார்த்தால் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். இதைப் படிக்கிற உங்களுக்கு மனம் தாங்காத பாரம் இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். காசு இல்லை, தமிழிலேயே பேசலாம், லாரி கேபினில் இருந்துகூடப் பேசலாம். 104-லும் ஆலோசனை கிடைக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார். அவரைப் பார்த்தால் பைத்தியம் என்பார்களே என்று தயங்காதீர்கள். சர்க்கரைக்கு மருந்து இருப்பதுபோல மனச்சோர்வுக்கும் மருந்து இருக்கிறது.

அரசிடம் நான் கேட்பவை இவை. மதுக்கடை இரவு பத்து மணிவரை திறந்திருக்கிறது. வேலை முடிந்து வருகிற மனிதர் அழுத்தம் பார்த்துக்கொள்ள வந்தால் எங்கள் பிரிவு பூட்டியிருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலையாவது, ஞாயிறு காலையாவது கிராமப்புற நிலையங்களிலும் இந்தப் பிரிவைத் திறந்து வையுங்கள். அதற்குத் தனி ஆள் போடுங்கள். லாரிப் பட்டறையிலும் வாரச் சந்தையிலும் பரிசோதனை மேசை போடுங்கள். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிற ஓட்டுநருக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுங்கள். கனரக வாகன உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க மருத்துவச் சான்று கேட்கிறோம். அந்த நாளில் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நோய் இருந்தால் உரிமத்தைப் பறிக்காமல் சிகிச்சையைத் தொடங்குங்கள். பிழைப்பு போய்விடும் என்று பயந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

ஆண்களிடம் கேட்பது ஒன்றுதான். 30 வயதைக் கடந்துவிட்டீர்கள் என்றால் வருடத்துக்கு ஒரு முறையாவது நீங்களே வந்து காட்டுங்கள். நோய் இருக்கிறவர்கள் ஊரில் இருக்கும் மாதங்களிலாவது உங்கள் நோட்டை நீங்களே எடுத்து வாருங்கள். உங்கள் மாத்திரையை வாங்கிப்போகிற பெண்களில் பலருக்கும் சர்க்கரை இருக்கிறது. உங்களுக்கு வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மறந்துபோகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் உடம்புக்கு நீங்களே பொறுப்பேற்றால், அந்தப் பெண்ணுக்குத் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.