தண்டனை எங்கே முடிகிறது?

குற்றம் செய்தவன் தண்டனை பெறவேண்டும், மறுப்பாரில்லை. தண்டனை பெற்றவன் திருந்தவேண்டும், அதையும் மறுப்பாரில்லை. திருந்தியவன் மருத்துவக் கல்லூரி வாயிலில் வந்து நின்று, 'நோய் தீர்க்கும் கலையை நானும் கற்கிறேன், இடம் கொடுங்கள்' என்று கேட்டால்? அங்கேதான் ஊர் இரண்டுபடுகிறது! 'திருடிய கையிலா நோயாளியின் நாடியை ஒப்படைப்பது?' என்று ஒரு சாரார் குதிக்கின்றனர். 'கட்டித் தீர்த்த கடனுக்கு மறுபடியும் வட்டியா?' என்று மற்றொரு சாரார் கொதிக்கின்றனர். மேனாடுகளில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு இது. பாட்டாளித் தோழர்கள் எந்தப் பக்கம் நிற்பது? அங்கே நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை எடை போட்டுப் பார்த்து முடிவுக்கு வருவோம்.

முதலாவது, சுவீடன் நாட்டில் நடந்தது. பியோர்ன் சோடர்பெர்க் என்றொரு தொழிற்சங்கத் தோழர். தம்முடைய தொழிலகத்துச் சங்கக் குழுவிலே இட்லரின் கொள்கையைப் போற்றும் ஒருவன் புகுந்துகொண்டதைக் கண்டார்; ஊரறிய அம்பலப்படுத்தினார். செய்த 'குற்றம்' அவ்வளவுதான்! 1999 அக்டோபர் 12 அன்று, தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காகப் பதினோரு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றவர்களில் ஒருவன், 2007-ல் பரோலில் வெளிவந்தான். வந்தவன் எங்கே போனான்? ஸ்டாக்ஹோமிலுள்ள கரோலின்ஸ்கா மருத்துவக் கல்லூரிக்கு! மருத்துவத்துக்கான நோபல் பரிசு யாருக்கென்று முடிவு செய்யும் அவை அமைந்துள்ள இடம் அது. அவ்வளவு பெரிய இடத்தில், நேர்முகத் தேர்விலே அமர்ந்த அறிஞர்களுக்கு, எதிரே அமர்ந்திருப்பவன் யாரென்று தெரியவில்லை. மொட்டைக் கடிதங்கள் வந்த பிறகே தெரிந்தது. தெரிந்த பிறகும் கொலைக் குற்றத்தைக் காட்டி அவனை விலக்க விதியில் இடமில்லை! பள்ளிச் சான்றிதழில் பெயரை மாற்றியிருந்தான் என்று கண்டுபிடித்து, அதைக் காரணம் காட்டி 2008 தொடக்கத்தில் வெளியேற்றினார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி, அதே 2008-ல், இங்கிலாந்தில் நடந்தது. எளிய குடும்பத்து வாலிபன் ஒருவன். சிறுவயதில் திருட்டு வழக்கொன்றில் சிக்கித் தண்டனை பெற்றவன். பிறகு படித்தான், பாடங்களிலெல்லாம் முதல் தரம் பெற்றான். இலண்டனில் பெயர்பெற்ற கல்லூரியொன்று மருத்துவப் படிப்புக்கு இடம் தருவதாகச் சொன்னது. பழைய வழக்கு தெரிந்ததும், கொடுத்த இடத்தைப் பறித்துக்கொண்டது. சட்டத்தின் கண்ணிலே அந்தக் குற்றம் கழிந்துபோன குற்றம். கல்லூரியின் கண்ணிலே கழியாத கறை! வேறொரு நகரத்துப் பல்கலைக்கழகம் பின்னர் அவனுக்கு இடமளித்தது.

தோழர்களே, நாம் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. சுடப்பட்டுச் செத்தாரே, அவரும் நம்மவர். இடம் பறிக்கப்பட்டு நின்றானே, அவனும் நம்மவன். கதவை முழுதும் திறந்து வைத்தால் முன்னவரின் இரத்தத்துக்கு மதிப்பில்லை. முழுதும் அடைத்து வைத்தால் பின்னவனின் வாழ்வுக்கு வழியில்லை.

எச்சரிக்கை தேவையில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். மயக்க மருந்து ஏறி, உணர்விழந்து, ஆடையிழந்து கிடப்பவன் நோயாளி. போதை தரும் மருந்துப் பெட்டியின் சாவி மருத்துவர் கையில். பழைய தண்டனைகளை மறக்கச் சொல்லும் 1974-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டமும், மருத்துவர் தொழிலுக்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. அந்த அச்சத்தில் பொருள் இருக்கிறது.

ஆனால், ஒரு கேள்வியை விண்ணப்பத் தாளில் அச்சடித்துவிட்டால் போதுமா? அமெரிக்காவைப் பாருங்கள். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரிகளைப் பற்றி 2015-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டு என்று குறியிட்டவர்களில் நூற்றுக்கு 62 பேர், விண்ணப்பத்தை முடிக்காமலே விலகிவிட்டார்களாம். மொத்த விண்ணப்பதாரரில் அப்படி விலகியவர்கள் நூற்றுக்கு 21 பேர்தான். கதவை யாரும் சாத்தவில்லை. வாயிலில் நின்ற காவலாளியின் முகத்தைப் பார்த்தே திரும்பிவிட்டார்கள்! மறு ஆண்டே அந்தப் பல்கலைக்கழகம் பொது விண்ணப்பத்திலிருந்து அக்கேள்வியை நீக்க முடிவு செய்தது. ஆனால் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் இன்றும் அதைக் கேட்கிறது.

அங்கே குற்றப் பதிவேட்டில் யார் பெயர் மிகுதி? மக்கள் தொகையில் நூற்றுக்கு 14 பேர் அளவே உள்ள கறுப்பின மக்கள், சிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! மாளிகைப் பிள்ளை தவறினால் வழக்கறிஞர் வருகிறார். குடிசைப் பிள்ளை தவறினால் விலங்கு வருகிறது. மறியலில் நின்று தண்டனை பெற்ற தொழிலாளியின் பெயரும் அதே பதிவேட்டில்தான். பதிவேடு பெயரைச் சொல்லும், கதையைச் சொல்லாது.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று.

கேள்வி கேட்கட்டும், ஆனால் எந்தக் குற்றம் தடை, எது தடையல்ல என்பதை விண்ணப்பிக்கும் முன்பே ஊரறிய எழுதி வைக்கட்டும். இடத்தைக் கொடுத்துவிட்டுப் பறிக்கும் கொடுமையும் வேண்டாம். கொலையாளியை விலக்கச் சான்றிதழில் ஓட்டை தேடும் கேலிக்கூத்தும் வேண்டாம்.

ஆளை எடை போடட்டும். என்ன குற்றம்? எந்த வயதில்? எத்தனை ஆண்டுக்கு முன்? அதன்பின் நடந்த வாழ்வு எப்படி? பசியில் எடுத்த பொருளும் பகையில் எடுத்த உயிரும் ஒன்றல்ல. ஓர் இனத்தையே வெறுத்துத் துப்பாக்கி தூக்கியவன், அந்த வெறுப்பை விட்டுவிட்டான் என்பதற்கு அவனே சான்று காட்ட வேண்டும்.

மூன்றாவது, உண்மை. பழைய குற்றத்தை ஒளிப்பவன் புதிய குற்றம் செய்கிறான். மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்துவிட்டு மறைக்கும் மருத்துவன், கத்தியெடுத்தவனைவிடக் கொடியவன். ஆனால் உண்மையைச் சொன்னவனைத் துரத்தினால், நாளை வருபவனுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுப்பது யார்? அந்தக் கல்லூரிதானே!

சிறைக்கதவைத் திறந்து அனுப்பிவிட்டு, வெளியே உள்ள கதவுகளையெல்லாம் பூட்டி வைப்பது விடுதலையாகாது. எவ்வளவு தண்டனை என்று வழக்குமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு மேல் கூட்ட விரும்புகிறவர்கள், காரணத்தையும் நாட்டு மக்கள் முன்னே சொல்லட்டும்.