சார்ஜரில் லைட் எரிந்தால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், பாப்பா லேப்டாப்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது. கடையில போர்டு போச்சு, நாலாயிரத்தஞ்சூறு ஆகும்ங்கிறாங்க. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார்." மில் வேலை பார்க்கிறவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. பாப்பாவுக்கு இரண்டு நாளில் அசைன்மென்ட் அனுப்ப வேண்டும். மறுநாள் காலையில் மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன்.

மூத்தவள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வயர் லேசாக அசைந்தாலே அணைந்துவிடும். வேறு பிளக் பாயிண்டில் போட்டேன். சுவரிலிருந்து அடாப்டருக்கு வரும் வயரை மட்டும் மாற்றிப் பார்த்தேன். அதே கதை. ஆனால் அடாப்டரில் பச்சை லைட் எரிகிறது, மீட்டரும் 19 வோல்ட் காட்டுகிறது. கடைக்காரர் இவ்வளவைப் பார்த்துவிட்டுத்தான் போர்டு மேல் பழியைப் போட்டிருப்பார்.

என்னிடம் இயற்பியல் படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். வயருக்குள் செம்பு இழைகள் பெரும்பாலும் அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் மிச்சம் என்று வையுங்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. அதற்கு ஓர் இழை போதும், முழு வோல்டேஜும் காட்டும். லேப்டாப் இரண்டு, மூன்று ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த இடத்து மின்தடை தன் வேலையைக் காட்டும். பின் பக்கத்து வயரின் கழுத்தை வளைக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். ஒரு கோணத்தில் 19, இன்னொரு கோணத்தில் பூஜ்யம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் பார்க்கும் பையன் புது பின் வயர் பற்றவைத்துக் கொடுத்தான். நூற்றெண்பது ரூபாய்.

கடைக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. இப்படி ஒரு வயருக்காகப் பரணுக்குப் போனவை எத்தனையோ! பிள்ளைகள் கையில் லேப்டாப்பைக் கொடுத்தோம், மல்டிமீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதியே காலம் தள்ளிய நானும் இதில் குற்றவாளிதான். மீட்டர் பிரிட்ஜ் செய்முறையோடு கெட்டுப்போன சார்ஜர் ஒன்றையும் மேசையில் வைத்தால் ஒரு பீரியட் போதும். இப்போது வாத்தியாராக இருக்கும் என் மாணவர்களே, செய்து பாருங்கள்.

அதற்காக இன்சுலேஷன் டேப் சுற்றியே காலத்தை ஓட்டாதீர்கள். நானே என் சார்ஜர் வயருக்கு அகராதியை முட்டுக்கொடுத்து இரண்டு மாதம் ஓட்டியவன். அறுந்த இடம் சூடாகி உருகும். அடாப்டரே போயிருந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். வோல்ட் பழையதன் அளவே இருக்கட்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னும் அதன் பிளஸ் மைனஸும் ஒத்துப்போக வேண்டும். லேபிளில் ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பாப்பா அன்று ராத்திரியே அசைன்மென்ட் அனுப்பிவிட்டாளாம். அவள் அப்பா கால் கிலோ பால்கோவா கொடுத்தனுப்பினான். என் மருமகளும் இதைப் படிப்பதால், அது முழுவதும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது என்று இங்கே பதிவு செய்கிறேன்.