விட்டுக்கொடுப்பும் இரு கட்சிகளும்

வீட்டுக் காரியம் ஒன்றை மஷூரா செய்து, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிப்பவரைப் பக்குவமானவர் என்கிறோம். அதையே அரசியலில் செய்தவரைத் துரோகி என்கிறோம். இதற்குத் தலைவர்களின் குணத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. இரண்டு பெரிய கட்சிகள் மாறி மாறி ஆண்ட முறைக்கும் இதில் பங்குண்டு என்பது என் கருத்து.

1957 ஜூலை 26 இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தந்தை செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். வடக்கு, கிழக்குக்குப் பிராந்திய சபைகளும் தமிழில் நிர்வாகமும் தருவதாக அது சொன்னது. எதிரணியில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்த்தன அதை எதிர்த்துக் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிரதமரே ஒப்பந்தத்தைக் கைவிட்டார். 1965 இல் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க, மாவட்ட சபைகளுக்குச் செல்வநாயகத்துடன் உடன்பட்டார். இம்முறை எதிர்த்தது சுதந்திரக் கட்சி. 1968 இல் அத்திட்டமும் கைவிடப்பட்டது. 2000 ஓகஸ்டில் சந்திரிகா அரசாங்கம் கொண்டுவந்த அரசியலமைப்பு வரைபின் பிரதியை ஐக்கிய தேசியக் கட்சியினர் பாராளுமன்றத்திலேயே எரித்தார்கள்.

ஆட்சியில் இருந்தவர் இணங்கினார். எதிரணியில் இருந்தவர் குழப்பினார். ஒருவர் இழக்கும் வாக்கு மற்றவரிடம்தான் போகும் என்ற நிலையில், உடன்பாட்டை முறிப்பதே எதிரணிக்கு இலாபம்.

“பலமான கட்சி இருந்தால்தான் நிலையான ஆட்சி” என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளோடு 168 ஆசனங்களில் 140 ஐப் பெற்றது. பிறரின் சம்மதம் அதற்குத் தேவைப்படவில்லை. ஆறே வருடத்தில் 1983 கலவரம் வந்தது, போர் மூண்டது.

அந்தப் போரின் நடுவில், 1990 ஒக்டோபர் 30 இல், விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அதற்கான பொறுப்பு வெளியேற்றியவர்களுடையதே. ஆனால், பேசித் தீர்க்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டதன் விலையை, எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடாத நாமும் கொடுத்தோம். சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழும் நமக்கு, பேச்சு மேசையில் இரண்டு கதிரைகள் மட்டும் இருப்பது ஆபத்து.

மாற்றத்துக்கு ஒரு சிறிய வழி நம் கையிலேயே இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று மூவருக்கு விருப்பைக் குறிக்கலாம். 2024 செப்டெம்பரில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காததால், இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக அந்த விருப்புகள் எண்ணப்பட்டன. ஆனால் பலர் முதலாவதோடு நிறுத்தியிருந்தார்கள். நாம் எல்லோரும் இரண்டாவதையும் குறிப்போம் என்று தெரிந்தால், வேட்பாளர் தன் கட்சிக்கு வெளியே இருப்பவர்களிடமும் இணக்கமாகப் பேசத்தான் வேண்டும்.

உம்மா, வாப்பாமாரே, அடுத்த முறை அந்தக் கட்டங்களை வெறுமையாக விடாதீர்கள். பதினெட்டு வயதை நெருங்கும் தோழிகளே, வாக்குச் சீட்டை முழுமையாகப் பயன்படுத்த இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.