கூலிக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளியாதீர்கள்

பற்றறியில் ஓடும் புல் வெட்டும் கருவிகள் நம் ஊருக்குச் சரிவராது, கண்டிப் பக்கத்து மழைக்கும் புல்லுக்கும் பெற்றோல் மெஷினை விட்டால் வேறு வழியில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மின்சாரத்தை நம்ப முடியாது என்கிறார். பற்றறிக்குப் பலம் போதாது என்கிறார். மின்சாரமே நிலக்கரியிலிருந்து வருகிறது, இதில் சுற்றாடல் எங்கே வந்தது என்று கேட்கிறார். கடைசியில், நாட்கூலிக்குப் புல் வெட்டுகிறவரின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று உருகுகிறார். முதல் மூன்றும் பிழை. நான்காவது பிழை மட்டுமல்ல, அநியாயம்.

மின்சாரத்திலிருந்தே தொடங்குகிறேன். மின்வெட்டு வரும், பெற்றோல் மட்டும் எப்போதும் கையில் இருக்கும் என்பதுதான் அவருடைய வாதத்தின் அத்திவாரம். பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியோரம் குடியிருக்கிற எவரும் இப்படி எழுத முடியாது. 2022இல் அந்த வீதியில் நின்ற வரிசைகளை எவர் மறந்தார்? 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், அடுத்த ஜூன் மாதக் கடைசியில் 470 ரூபாவுக்குப் போனது. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தவருக்கும் கிடைக்கவில்லை. கான்களில் பெற்றோல் அடிப்பதைத் தடை செய்தார்கள். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது பங்கீடு வாகன இலக்கத்தைப் பார்த்துத்தான் கொடுக்கப்பட்டது. புல் வெட்டும் மெஷினுக்கு இலக்கத் தகடு ஏது? ஜெனரேற்றரையும் புல் வெட்டும் மெஷினையும் பதிவதற்குப் பிறகுதான் வழி திறந்தார்கள். அதுவரை அந்த மெஷினை நம்பிப் பிழைத்தவர்களுக்குத் தொழிலே இல்லை. பெற்றோல் என்றால் உறுதி என்று எழுதுகிறவர், 2022இல் நடந்ததைத் துடைத்துப் போட்டுவிட்டு எழுதுகிறார்.

அதே 2022 மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு இருந்தது உண்மை. அந்த ஒரு நாளை வைத்தே கணக்குப் பார்ப்போம். மீதிப் பதினொரு மணித்தியாலம் மின்சாரம் இருந்தது. தோட்டக் கருவியின் பற்றறி ஒன்று நிரம்ப ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலம் போதும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்து நாடே இருட்டில் கிடந்தது. அன்று, நிரப்பிய பற்றறி அலுமாரியில் இருந்த எவருக்கும் புல் வெட்டத் தடையில்லை. மின்சாரம் இல்லாத நேரத்துக்காக மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பொருள்தான் பற்றறி. மின்வெட்டைக் காட்டி அதை மறுப்பது, தண்ணீர் வராத நாளைக் காட்டித் தாங்கியை மறுப்பதற்குச் சமம்.

அடுத்தது பலம். இங்கே அவர் செய்திருக்கிற மோசடியை, ஆம், அந்தச் சொல்லைத் தெரிந்தே போடுகிறேன், வாசகர் கவனிக்க வேண்டும். கேள்வி வீட்டுத் தோட்டத்தைப் பற்றியது. அவர் பதில் சொல்வதோ ஆளுயரம் வளர்ந்த கினிப்புல் மூடிய சரிவைப் பற்றியும், கைவிடப்பட்ட தேயிலைக் காணியைப் பற்றியும். அந்த இடங்களுக்குப் பெற்றோல் மெஷின்தான் இன்றைக்கும் தோது என்பதை நான் மறுக்கவில்லை, மறுக்கிற எவரையும் எனக்குத் தெரியாது. பிலிமத்தலாவை, கிரிபத்கும்புற, தந்துரைப் பக்கத்தில் ஆட்கள் குடியிருப்பது பத்து, பதினைந்து, இருபது பேர்ச் காணிகளில். இருபது பேர்ச் என்றால் ஏறத்தாழ 500 சதுர மீற்றர். வீடும் கிணறும் வாகனம் நிறுத்துகிற சீமெந்துத் தரையும் போனால் மிஞ்சுவது பாதிதான். வேலியோரம், கானோரம், பலா மரத்தடி, முன்முற்றத்துப் புல்தரை. தங்கூசி நூல் சுழலுகிற 18 வோல்ட் கருவி, 4 அல்லது 5 அம்பியர்-மணி பற்றறியில் இருபது முப்பது நிமிடம் ஓடும். இரண்டு பற்றறி இருந்தால் மாதத்தில் இரண்டு தடவை அந்தக் காணியைத் துப்புரவாக வைத்திருக்கலாம். புல்லை முழங்காலளவு வளரவிட்டு வெட்டுகிற பழக்கம்தான் பெற்றோல் மெஷினைத் தேவையாக்கியது. முழங்காலளவு புல்லில் விரியன் படுத்திருக்கும். எறிந்த சிரட்டையில் தண்ணீர் நின்று நுளம்பு பெருகுவதும் அதே புல்லுக்குள்தான்.

பற்றறி மெஷின் இரண்டே மாதத்தில் செத்துப் போனது என்று அவருக்குத் தெரிந்தவர் சொன்னாராம். என்ன மெஷின் என்று கேட்டாரா? சந்தையில் 48 வோல்ட், 88 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் ஒட்டி மலிவு விலைக்கு விற்கிற சாமான்கள் இருக்கின்றன. அந்தப் பற்றறியின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், கைவிரல் மொத்தத்தில் ஐந்தே ஐந்து செல் வரிசையாக நிற்கும். ஒரு லிதியம் செல் 3.6 வோல்ட், ஐந்தும் சேர்ந்தால் 18. முழுதாக நிரப்பினாலும் 21. ஸ்ரிக்கரில் எந்த எண்ணை அச்சடித்தாலும் உள்ளே இருப்பது அவ்வளவுதான். ஒழுங்கான 18 வோல்ட், 5 அம்பியர்-மணி பற்றறியில் அதே ஐந்து செல் பெரும்பாலும் இரட்டை வரிசையாகப் பத்து இருக்கும், சூடேறினால் தானாக நிறுத்துகிற மின்சுற்றும் இருக்கும். கள்ளச் சாமானின் குறையைத் தொழில்நுட்பத்தின் தலையில் கட்டுவது நேர்மையான விவாதம் ஆகாது. வாங்க நினைக்கிறவர்களுக்கு உபயோகமான எச்சரிக்கையை எழுதியிருக்க வேண்டிய இடத்தில் அவர் பயத்தை விதைத்திருக்கிறார்.

நிலக்கரி வாதத்தில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. நுரைச்சோலை 900 மெகாவாட் நிலக்கரி நிலையம்தான். ஆனால் நல்ல மழை பெய்த வருடங்களில் நாட்டின் மின்சாரத்தில் பாதியளவு நீரிலிருந்தும் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறது. நீர்மின்சாரம் தருகிற விக்டோரியா அணை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில் பகல் மின்சாரம் தேவைக்கு மேல் மிஞ்சி, கூரைச் சூரியப் பலகை வைத்திருப்பவர்களை அவற்றை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. அந்தப் பகலில் பற்றறியை நிரப்பினால் எந்த நிலக்கரி எரியும்? முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றே வைத்தாலும் காசுக் கணக்கு அவர் பக்கம் சாயாது. 18 வோல்ட், 5 அம்பியர்-மணி பற்றறியில் அடங்குவது 90 வாட்-மணி. ஒரு அலகு மின்சாரத்தில் பத்துத் தடவை நிரப்பலாம். அலகு நூறு ரூபா என்று வைத்தாலும் ஒரு தடவைக்குப் பத்து ரூபா. பெற்றோல் மெஷின் அரை மணித்தியாலம் ஓடினால் கால் லீற்றருக்கு மேல் குடிக்கும். 2025இல் லீற்றர் முந்நூறு ரூபாவை ஒட்டி நின்ற விலைக்கு அது எழுபத்தைந்து ரூபாவுக்கு மேல், ரூ-ரி எண்ணெய்க்காசு வேறு. அது இரட்டிப்புப் பரப்பை வெட்டும் என்று விட்டுக்கொடுத்தாலும் மூன்று நாலு மடங்கு வித்தியாசம் நிற்கிறது. தொடக்க விலை கூடத்தான். நல்ல பற்றறிக்கு விலை கொடுக்க முடியாத வீடுகள் ஏராளம். அவற்றை நான் கட்டாயப்படுத்தவில்லை. அவரோ வாங்கக்கூடியவர்களையும் வாங்காதே என்கிறார்.

இனிக் கூலிக்காரர்.

அவர் தன் கட்டுரையில் கேடயமாகப் பிடித்திருக்கிற அந்த மனிதர் வேலை செய்வதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். மழைக்காலம் முழுக்கக் கிடந்த மெஷின் ஒரு இழுப்பில் எடுபடாது. சோக்கைத் தள்ளி, குமிழை அமுக்கி, கயிற்றை இழுத்து, மறுபடி இழுத்து, பிளக்கைக் கழற்றிச் சட்டை விளிம்பால் துடைத்து, திரும்பப் பூட்டி இழுக்கும்போது வெள்ளைப் புகை முகத்துக்கு நேரே எழும்பும். தோளில் ஏழெட்டுக் கிலோ. முதுகில் சுமக்கிற வகையென்றால் பத்துக் கிலோ. எஞ்சின் இடுப்போடு ஒட்டி நிற்கிறது, புகைபோக்கி ஒரு முழத் தூரத்தில். கண்ணாடி கிடையாது, காதுக்கு அடைப்புக் கிடையாது. காற்சட்டைக்கு மேல் ஒரு சாக்கைக் கட்டியிருப்பார், கல் தெறிக்காமல் இருக்க. வேலை முடிந்து திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணியை வாங்கும்போது கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்கும். அது பலவீனம் அல்ல. மணிக்கணக்கில் எஞ்சினின் அதிர்வு ஏறிய கை அது. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் விரல் நரம்பும் இரத்தக் குழாயும் கெட்டு, குளிர் பட்டால் விரல் வெளுத்து மரத்துப் போகிற நோய் வரும். தொழில்நோய் மருத்துவத்தில் நூறு வருடமாகத் தெரிந்த சங்கதி.

புகையைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. இரு வீச்சு எஞ்சினில் எரிந்த புகை வெளியேறுகிற அதே நேரத்தில்தான் புதுப் பெற்றோலும் எண்ணெயும் கலந்த காற்று உள்ளே வருகிறது. அதில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே புகைபோக்கி வழியே போய்விடும். வெளியே வருவது சும்மா புகை அல்ல. பென்சீன் கலந்த பச்சைப் பெற்றோல் ஆவி. இதற்காகத்தான் இரு வீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை இந்த நாடு 2008இல் நிறுத்தியது. ஓட்டோவில் ஆகாது என்று நாடே முடிவெடுத்த அதே வகை எஞ்சினை ஒரு தொழிலாளியின் இடுப்பில் கட்டிவிட்டு, அதைக் கழற்றினால் அவர் பிழைப்புப் போய்விடும் என்று வாதிடுவது எந்த நியாயம்? கலிபோர்னியாவின் காற்று வளச் சபை கணக்கிட்டுச் சொன்னது இது: இலை ஊதும் பெற்றோல் கருவி ஒரு மணித்தியாலம் ஓடினால் கக்குகிற புகைமூட்ட மாசு, 2017ஆம் ஆண்டுக் கார் ஒன்று 1,100 மைல் ஓடினால் வருவதற்குச் சமம். பிலிமத்தலாவையிலிருந்து கொழும்புக்கு எட்டுத் தடவை போய்த் திரும்புகிற தூரம். அந்த மாநிலம் 2021இல் சட்டம் இயற்றி, 2024 மாதிரிகள் முதல் இப்படிப்பட்ட புதுச் சிறு எஞ்சின்களை ஒழிக்கத் தொடங்கியது. (இலை ஊதுகிற கருவி நமக்கு எந்த வகையிலும் வேண்டாம், பற்றறியிலும் வேண்டாம். ஈர்க்குமாறு இருக்கிறது.) கண்டியோ மலைகளுக்கு நடுவே குழியில் கிடக்கிற நகரம், வாகனப் புகை அங்கே தேங்கி நிற்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒலிவர் இலெபெரும பல வருடம் அளந்து எச்சரித்தார்.

சத்தமும் அப்படித்தான். 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல்தான் அளவு. தோளில் கிடக்கிற பெற்றோல் மெஷின் அதைப் பிடித்திருப்பவரின் காதில் நூறை ஒட்டிக் கத்துகிறது. பக்கத்து வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், எதிர்வீட்டில் படுக்கையில் கிடக்கிற அப்பாச்சிக்கும் அந்த மெஷினை நிறுத்தச் சொல்ல வழியில்லை.

பற்றறிக் கருவி வந்தால் கூலி வேலை போய்விடும் என்பதற்கு அவர் காட்டுகிற காரணம், வீட்டுக்காரரே வெட்டிக்கொள்வார் என்பது. சிலர் வெட்டிக்கொள்வார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய், ஆளுக்காக இரண்டு கிழமை காத்திருக்கிற வயதான அம்மாமார், மூன்று கிலோக் கருவியைத் தாங்களே பிடிக்க முடிந்தால் அது நல்ல விஷயம். அதற்காக மரத்தில் ஏறிக் கிளை தறிக்கவும், கான் வெட்டவும், சரிவில் கல் அடுக்கவும், கிளிசரிடியா வேலியை நறுக்கவும் யாரைக் கூப்பிடப் போகிறோம்? அதே மனிதரைத்தான். வித்தியாசம், மெஷினுக்கு முதல் போட்டு, பெற்றோலுக்கும் எண்ணெய்க்கும் உதிரிப்பாகத்துக்கும் தன் நாட்கூலியிலிருந்தே கொடுக்கிற அவர், இனி நம் வீட்டுக் கருவியை எடுத்து வேலை செய்யலாம். கூலியில் சதம் குறைக்கக் கூடாது. குறைக்கிறவர் இருந்தால் குற்றம் அவருடையது, பற்றறியுடையதல்ல. ஏழைக்காக இரங்குகிறவர் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்: கண்ணாடியும் காதடைப்பும் வாங்கிக் கொடுங்கள், மெஷின் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. அவருடைய கட்டுரையில் அப்படி ஒரு வசனம் இல்லை. ஏழை அந்தப் புகைக்குள்ளேயே நிற்க வேண்டும், அதற்கு ஏழையின் பெயரே காரணமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொல்வதன் பொருள்.

அவர் தொட்டும் தொடாமலும் விட்ட ஒன்றில் மட்டும் உண்மை இருக்கிறது: பழைய பற்றறி எங்கே போகும் என்பது. லிதியம் பற்றறியைக் குப்பையோடு போட்டால் லொறியிலேயே தீப்பிடிக்கலாம். பழைய ஈயப் பற்றறியை வாகனக் கடைக்காரர் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிற வழக்கம் நம் ஊரில் பல வருடமாக இருக்கிறது. கருவிப் பற்றறிக்கும் விற்கிற கடையே பழையதைத் திரும்ப எடுக்க வேண்டும், இறக்குமதி செய்கிறவர் அதற்குப் பொறுப்பாக வேண்டும் என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்க வேண்டும். அவர் இதை எழுதி ஒரு மனுவோடு வந்தால் முதல் கையொப்பம் என்னுடையது.